மூன்று கோட் பச்சை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் வாய் சும்மா இருந்திருந்தால் இந்தக் கதையை எழுதவேண்டிய வேலையே வந்திருக்காது. 1993 ஜனவரியில், முஸ்லிம்கள் மீது நடந்த வன்முறைகளை நேரில் பார்த்துப் பதிவுசெய்ய, வெளிநாட்டு மனித உரிமை அமைப்பிலிருந்து ஓர் அம்மையார் சென்னையை அடுத்த ஆவடியில் எங்கள் சேக்காட்டுக்கு வந்தார். அவருக்கு மொழிபெயர்த்தவன் நான்.

முதல் தொடக்கம்: ‘சேக்காட்டில் ஒரு தையல் கடையில் தீப்பிடித்தது.’ (தானாகவா பிடித்தது? அடித்துவிட்டேன்.)

இரண்டாவது தொடக்கம்: ‘அயோத்தியில் மசூதியை இடித்த பத்தாம் நாள், சேக்காட்டில் ஷம்ஷாத் பேகத்தின் தையல் கடைக்குத் தீ வைத்தார்கள்.’ இது இருக்கட்டும்.

2

ஷம்ஷாத் பேகத்துக்கு ஐம்பது வயது. தொழிற்சாலை குவார்ட்டர்ஸ் பெண்களில் பாதிப்பேரின் ஜாக்கெட் அளவு அவர் தலைக்குள் இருந்தது. கடை எரிந்தபோது அவர் அழவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் புகாரை வாங்கியவர் ‘மின்கசிவு’ என்று எழுதியபோதுதான் அழுதார். அந்தக் கடைக்கு கரன்ட்டே கிடையாது. காலால் மிதிக்கிற மெஷின். எனவே, எங்கிருந்தோ வருகிற அந்த அம்மையாராவது கண்ணால் பார்த்து உள்ளதை எழுதிக்கொண்டு போகட்டும் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தார்.

தீ வைத்தவன் யார் என்பதும் அவருக்குத் தெரி

(இந்த வாக்கியத்தை முடிக்கக் கூடாது என்பது அவர் உத்தரவு. அவன் தங்கைக்கும் அவர்தான் ஜாக்கெட் தைக்கிறார்.)

3

நான் செய்த தப்பு, என் பக்கத்து வீட்டு மனோகரனிடம், “திங்கக்கெழம வெள்ளைக்காரம்மா வராங்க” என்று உளறியதுதான். மனோகரன் தொழிற்சாலையில் ஃபிட்டர். விருந்தாளி வருகிறார் என்றால் வெள்ளையடிக்காமல் அவனுக்கு இருப்புக்கொள்ளாது. ஷம்ஷாத் வெள்ளானூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை, தெருவே கடை முன்னால் கூடிவிட்டது. கதவுத் தகரத்தைத் தட்டி நிமிர்த்தினார்கள். பாடி கடைத்தெருவிலிருந்து பச்சை பெயிண்ட் வந்தது. முதல் கோட்டில் கறுப்பு எட்டிப் பார்த்தது, இரண்டாவதிலும் பார்த்தது, மூன்றாவதில் அடங்கிவிட்டது. மனோகரன் மனைவி நாகம்மா வாசலில் கோலம் போட்டு ‘வெல்கம்’ என்று எழுதினாள்.

நானும் பிரஷ் பிடித்தேன். அப்போது என் கை நடுங்கியது என்று எழுத ஆசைதான். நடுங்கவில்லை, பஜ்ஜி தின்றுகொண்டே அடித்தேன்.

4

திங்கட்கிழமை காலை அம்மையாரும் ஷம்ஷாத்தும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். அம்மையார் நோட்டைத் திறந்தார், சுற்றுமுற்றும் பார்த்தார், “எரிந்த கடை எங்கே?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை.

“இன்னாக்கா, சோக்கா கீதா?” என்றான் மனோகரன்.

“மனோகரா, கொளுத்தினவன் ஒரு தபா அழிச்சான். நீங்கல்லாம் சேந்து பாசமா இன்னொரு தபா அழிச்சிட்டீங்களேடா!”

சொல்லிவிட்டுக் கீழே பார்த்தவருக்கு, அந்த ‘வெல்கம்’ கண்ணில் பட்டதும் சிரிப்பு வந்துவிட்டது. கோபம் போகாமலே கண்ணில் நீர் வரச் சிரித்தார். மனோகரன் முகம் சுண்டிப்போயிற்று. வீட்டுக்கு ஓடி உளியை எடுத்துவந்து, கதவோரச் சுவரைச் சுரண்ட ஆரம்பித்தான். பச்சை உதிர்ந்தது. உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு தெரிந்ததும் ஷம்ஷாத் அவன் கையைப் பிடித்தார்.

“போதும். அத்த அப்டியே உடு. மிச்சம் நல்லாத்தான் கீது.”

அம்மையார் அதைப் படம் எடுத்துக்கொண்டார்.

5

இனி முடிவு.

(அ) ஆறு மாதம் கழித்து வந்த அறிக்கையில் சேக்காட்டுக்கு ஒரு வரி இருந்தது.

(ஆ) போதிய தடயம் இல்லை என்று கடையை அறிக்கையில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள்.

(இ) அறிக்கை வந்த தபாலை இன்றுவரை நான் பிரிக்க

மூன்றையும் ஷம்ஷாத்திடம் படித்துக் காட்டினேன். இவ்வளவு சிரிப்பாக எழுதி நானும் நாலாவது கோட் அடித்துவிட்டேனோ என்று கேட்டேன். அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

“சிரிப்பு இருந்துட்டுப் போவுது தம்பி, சிரிச்சோமில்ல? அந்தம்மா எழுதிச்சா இல்லியான்றத படிக்கிறவங்க கையில உட்டுடு. கட தானா எரியல, எரிச்சாங்க. அத்த மட்டும் யாரு கையிலயும் உடாத.”

ஆகவே அ, ஆ, இ மூன்றில் எது பிடிக்கிறதோ எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பகுதியில் இருக்கும் அந்த இரண்டாவது தொடக்கத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.