குளத்தடியில் கேப்டன்

லாரி பின்னோக்கி வரும் சத்தம் கேட்டதும் பெலிசா கொதிக்கிற கஞ்சியை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். கையில் இருந்த நீளக் காம்பு அலுமினியக் கரண்டியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. அதன் நுனியிலிருந்து இஞ்சி வாசனையோடு கஞ்சி சொட்டிக்கொண்டே வந்தது. பள்ளியின் இரும்புக் கதவுக்குள் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு நின்றது லாரி. நிறைய ஆற்று மணல். மணலின் மேல் மண்வெட்டியோடு நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவன் அவள் புருஷன் தாசியோ. அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பித் தென்னை மரத்தை அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தான், அதில் எத்தனை காய் என்று எண்ணுகிறவன் மாதிரி.

பள்ளி திறக்க இன்னும் நான்கு நாள். வருஷா வருஷம் இந்த வாரத்தில் ஊரே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடும். பிரிகாடா என்று அதற்குப் பேர். பெஞ்சுக்குக் கால் மாற்றுகிறவர்கள், சுவருக்கு வெள்ளையடிக்கிறவர்கள், கூரைத் தகரத்தில் ஆணி இறுக்குகிறவர்கள் என்று அவரவர் கைக்கு வந்த வேலை. கூலி என்று எதுவும் கிடையாது. பத்து மணிக்கு ஆளுக்கு ஒரு கிண்ணம் கோழிக் கஞ்சி உண்டு. மற்ற நாளெல்லாம் பள்ளி வாசலில் கஞ்சி விற்கிற பெலிசாதான் அந்த வாரம் இலவசமாக ஆக்கிப் போடுவாள். இந்த வருஷமும் அதற்காகத்தான் விடிந்ததும் வந்து அடுப்பு மூட்டினாள். லாரி வருமென்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று ஊர்த் தலைவர் சொல்லியிருந்தார். அவரை எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். கப்பலும் இல்லை, பட்டாளமும் இல்லை, இருந்தாலும் கேப்டன்.

மணல், நாலாம் வகுப்புக்குப் பின்னால் இருக்கிற குளத்தை மூடுவதற்கு.

குளம் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு கதவைக் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் படுக்கப் போட்டால் எவ்வளவோ அவ்வளவுதான். போன அக்டோபர்வரை அந்த இடத்தில் பள்ளிக் குப்பையை எரித்துக்கொண்டிருந்தார்கள். நாலாம் வகுப்புப் பிள்ளைகளும், பெலிசாவும், இன்னும் ஐந்தாறு அம்மாக்களும் சேர்ந்து மூன்று மாதம் கல்லும் கரியும் பொறுக்கி அங்கே தோட்டம் போட்டார்கள். பூச்சட்டித் தோட்டம் இல்லை. பறவைக்கும் பூச்சிக்கும் ஓணானுக்குமான தோட்டம். எருக்கு, கலமான்சி எலுமிச்சை, முருங்கை, ஓரத்தில் நாணல், நடுவில் தொட்டாற்சிணுங்கி. எலுமிச்சை இலையில் பறவை எச்சம் மாதிரி ஒட்டிக்கொண்டிருப்பது புழு என்றும், அது ஒரு நாள் கறுப்பும் மஞ்சளுமாகப் பறந்து போகும் என்றும் தெரிந்தபோது பெலிசாவுக்கே வயது முப்பத்தெட்டு. பிள்ளைகள் ஒரு பலகையில் எழுதி வைத்தார்கள்: "வெட்டாதீர்கள். இங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள்."

குளத்தில் தண்ணீர் நிற்க அடியில் விரிக்க ஒன்றும் அகப்படவில்லை. அப்போதுதான் பிள்ளைகள் கேப்டனின் தேர்தல் பேனரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தேர்தல் முடிந்தும் மணிலா பஸ் நிற்கிற இடத்தில் கிழியாமல் தொங்கிக்கொண்டிருந்த பன்னிரண்டு அடிப் பேனர். தண்ணீர் ஊறாத கெட்டி பிளாஸ்டிக் துணி. முகம் மேலே வரவேண்டுமா கீழே போகவேண்டுமா என்று ஒரு பெரிய விவாதம் நடந்தது. ஒரு பெரிய மனிதரின் முகத்தைச் சேற்றில் குப்புறப் போடுவது மரியாதையா? எல்லோரும் யோசித்து, மரியாதையாக, முகத்தை மேலே பார்க்க விரித்தார்கள். தண்ணீரும் பாசியும் வந்து அவர் மறைந்தும் போனார். ஆனால் ஏப்ரல் வெயிலில் தண்ணீர் வற்றியபோது முதலில் நெற்றி தெரிந்தது. பிறகு பல் வரிசை. நெற்றியில் ஒரு தவளை உட்கார்ந்திருந்த நேரமாகப் பார்த்து யாரோ படம் பிடித்து பேஸ்புக்கில் போட, மணிலாவில் வேலை பார்க்கிற பிள்ளைகள்கூடச் சிரித்தார்கள். அன்றைக்கே கேப்டனுக்கு அந்தக் குளத்தின் மேல் கோபம் விழுந்துவிட்டது.

அதற்குப் பிறகு மே மாதம் மழை பிடித்தது. பெலிசாவின் ஒன்பது வயது மகள் லெங்லெங்குக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு. மாவட்ட ஆஸ்பத்திரியில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பிள்ளைகள். ஐந்து நாள் கிடந்து, கையெல்லாம் ஊசித் தழும்போடு வீடு திரும்பினாள். இப்போது கால் இரண்டும் குச்சி. ஊர் சும்மா இருக்குமா? குளத்துக் கொசு என்றது. தோண்டினவள் பிள்ளையையே கடித்தது பார் என்றது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள்முதல் பெலிசா தினமும் தோட்டத்தைச் சுற்றிய மூங்கில் வேலிவரை வருவாள், நிற்பாள், குனிந்து பார்க்காமல் திரும்பிவிடுவாள். பார்த்து, அங்கே ஏதாவது நெளிந்தால்? தன் கையால் தோண்டிய தண்ணீர்தான் தன் பிள்ளையைக் கடித்தது என்று தெரிந்துவிட்டால், அதற்குப் பிறகு அந்தக் கையால் கஞ்சி கிண்ட முடியுமா?

இன்றைக்கு வேலியின் திறப்பில் போய்க் குறுக்கே நின்றுகொண்டாள்.

"வழிய விடு பெலிசா," என்றார் கேப்டன். வெள்ளைச் சட்டை, புது ரப்பர் பூட்ஸ். "உம் பொண்ணுக்காகத்தான் இத்தனையும் பண்றேன்."

"எம் பொண்ணு பேரச் சொல்லாதீங்க. அஞ்சு நாள் ஆஸ்பத்திரியில கெடந்தா. எட்டிப் பாத்தீங்களா?"

"ஆரஞ்சு குடுத்து அனுப்பினேனே!"

"ஆமா, அனுப்பினீங்க. உங்க படம் போட்ட பையில."

வெள்ளையடிக்கிறவர்களில் ஒருவன் பிரஷ்ஷால் வாயை மறைத்துக்கொண்டான். தலைமையாசிரியை ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். நல்ல மனுஷி, யார் பக்கமும் சாயாமல் ஓய்வு பெற்றுவிட வேண்டும் என்று இருபது வருஷமாக முயற்சி செய்கிறவள். "பெலிசா, திங்கக்கெழம சுத்தமான பள்ளிப் போட்டிக்குப் பாக்க ஆள் வர்றாங்கம்மா. காடு மாதிரி இருந்தா மார்க் போட மாட்டாங்க."

"காடு மாதிரிதான் மேடம் இருக்கணும். அதுக்குத்தானே மூணு மாசம் கல்லு பொறுக்கினோம்."

"பெலிசா, வீட்டுல போய்ப் பேசிக்கலாம்," என்றான் லாரி மேலிருந்து தாசியோ, தென்னை மரத்திடம் சொல்வது போல.

"வீட்டுல நீ எப்ப பேசியிருக்க, இன்னிக்குப் பேசறதுக்கு? அங்கயே உக்காந்து தேங்கா எண்ணு."

கூட்டத்தில் ஓபிங் அக்கா நின்றிருந்தாள். ஊர்ச் சுகாதாரத் தொண்டர். நீலச் சட்டை, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. தினமும் சாயந்திரம் நாலு மணிக்குக் கைமணியை ஆட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய், தேங்கின தண்ணீரைக் கொட்டு, டப்பாவைக் கவிழ்த்து வை என்று விரட்டுகிறவள் அவள்தான். பெலிசா அவள் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, இந்தக் கொளத்துல கொசுப்புழு இருக்குன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க?"

"ஆமா."

"கைய விட்டுப் பாத்தீங்களா?"

ஓபிங் அக்கா கண்ணாடியைத் துடைத்தாள். "கேப்டன் சொன்னாரு. எழுதினேன்."

"இப்பப் பாருங்க. என் கண்ணு முன்னால பாருங்க. ஒரு புழு இருந்தாலும் நானே மணல அள்ளிப் போடறேன்."

சொல்லிவிட்டாள். பிள்ளைகள் ஓடிப்போய்க் கஞ்சிக் கடையிலிருந்து வெள்ளைப் பீங்கான் பூச்சுத் தட்டு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். எதால் அள்ளுவது? எல்லோரும் பெலிசாவின் கையைப் பார்த்தார்கள். அப்போதுதான் அவளும் பார்த்தாள்.

"ஐயோ, கஞ்சிக் கரண்டி!"

"எனக்கு இன்னிக்குப் பசியே இல்லப்பா."

"உனக்கா? நேத்து மூணு கிண்ணம் குடிச்சவன் நீ!"

பெலிசா மண்டியிட்டாள். ஒரு மாதமாகப் பார்க்காத தண்ணீர். பழுப்பு நிறத்தில், ஒன்றும் தெரியாத மாதிரி, வானத்தைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தது. கரண்டியை நாணல் வேரோரம் இறக்கித் தட்டில் ஊற்றினாள். ஊற்றும்போது கண்ணை மூடிக்கொண்டாள். அவள் மூடியதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

"தவக்களக் குஞ்சு," என்று ஒரு சிறுமி கத்தினாள். "ரெண்டு!"

"இது தும்பிப் பூச்சியோட குட்டி. தண்ணிக்குள்ளதான் இருக்கும். கொசுப்புழுதான் இதுக்குச் சாப்பாடு," என்றாள் ஓபிங் அக்கா. வெட்கத்தோடு மெதுவாகத்தான் சொன்னாள். "இன்னொரு பக்கம் அள்ளு."

நான்கு மூலையிலும் அள்ளினாள். நடுவில் அள்ளினாள். ஆறாவது தடவை சேறு கலங்கி விலக, குளத்தடியில் கேப்டனின் ஒரு பல் பளிச்சென்று தெரிந்து மறைந்தது. யாரோ சிரிக்க, கேப்டனின் காது சிவந்தது. ஓபிங் அக்கா தட்டைச் சூரியனுக்கு நேரே சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். நெளிகிறது ஒன்றுகூட இல்லை.

"சரி, கொளத்துல இல்ல," என்றார் கேப்டன். "அப்ப வேற எங்கிருந்து வந்துச்சு? ஆகாசத்துலருந்தா?"

மட்டம் தட்டுவதற்காகக் கேட்ட கேள்வி. ஆனால் பெலிசாவின் காதில் அது நிஜமான கேள்வியாகவே விழுந்தது. வேறு எங்கிருந்து? எழுந்து நின்று பள்ளியைச் சுற்றிப் பார்த்தாள். வெள்ளையடித்த சுவர். பெருக்கின தரை. வாசலிலிருந்து கொடிமரம்வரை வரிசையாக டயர்கள். போன வருஷப் போட்டிக்காகக் கேப்டன் கொடுத்த நாற்பது பழைய டயர்கள். வெட்டி, வளைத்து, அன்னம் மாதிரி கழுத்து வைத்து, வர்ணம் அடித்துப் பூச்செடி நட்டிருந்தார்கள். விடுமுறையில் செடிகள் காய்ந்துவிட்டன. அன்னங்கள் மட்டும் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றன.

கடைசி அன்னம் ரோஸ் நிறம். அதற்கு வர்ணம் அடித்தது பெலிசா. இரண்டு கண் வைத்து, இமைமயிர்கூட வரைந்தாள். அவள் பாத்திரம் கழுவி முடிக்கும்வரை லெங்லெங் தினமும் அதன் முதுகில்தான் உட்கார்ந்திருப்பாள். விடுமுறையிலும் தோட்டத்துக்குத் தண்ணீர் விட வந்துவிட்டு அங்கேதான் உட்காருவாள், கால் இரண்டையும் ஆட்டிக்கொண்டு.

பெலிசா நடந்தாள். கூட்டம் பின்னால் வந்தது. டயரின் உள்மடிப்பில் கரண்டி சரியாகப் பொருந்தியது. மழைத் தண்ணீர், தேநீர் நிறத்தில். தட்டில் ஊற்றினாள். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. வெள்ளைத் தட்டு முழுக்க, சின்னப் பிள்ளை பென்சிலால் கிறுக்கின கோடுகளுக்கு உயிர் வந்ததுபோல, நெளிந்து நெளிந்து மேலே வந்தன.

அடுப்பில் கஞ்சி அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. அதைப் பார்க்க யாரும் போகவில்லை.

"இதுதான்னு உறுதியாச் சொல்ல முடியாது பெலிசா," என்றாள் ஓபிங் அக்கா, அவள் தோளைத் தொட்டு. "கொசு எங்கிருந்து வேணா வரும். உங்க தெருவுல இருந்துகூட."

"தெரியும்க்கா." அவள் அன்னத்தின் கழுத்தைப் பிடித்துத் தலைகீழாகக் கவிழ்த்தாள். வெள்ளையடித்த கல்லின் மேல் தண்ணீர் ஓடியது. "அழகா இருக்குன்னு ஒருத்தரும் கைய விட்டுப் பாக்கல. நானுந்தான். அழுக்கா இருக்கறதத்தான் மூட வந்தோம்."

"ஏய், அது பள்ளிக்கூடச் சொத்து!" என்றார் கேப்டன்.

"கொளமும் பள்ளிக்கூடச் சொத்துதான். அத மூட வந்தப்ப உங்களுக்குத் தோணலையா?"

அடுத்த டயரைக் கவிழ்த்தாள். அதற்கடுத்ததற்கு அவள் கை போவதற்குள் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் பாய்ந்தார்கள். அன்னங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் குப்புற விழுந்தன. சில உருண்டு லாரியின் சக்கரத்தில் போய் முட்டின. வெள்ளையடிக்கிறவர்கள் பிரஷ்ஷைப் போட்டுவிட்டு வந்தார்கள். தலைமையாசிரியை ஃபைலைத் திறந்து, ஒரு தாளை இரண்டு தடவை படித்தாள். "கேப்டன்," என்றாள், யாருக்கும் வலிக்காத குரலில், "மார்க் போடற தாள்ல தேங்கின தண்ணின்னு ஒரு வரி இருக்கு. டயர்னே போட்டிருக்காங்க." இருபது வருஷத்தில் அவள் ஒரு பக்கம் சாய்ந்தது அதுதான் முதல் தடவை.

தாசியோ மண்வெட்டியை மணலில் குத்தி நிறுத்தினான். இறங்கினான். பெலிசாவைப் பார்க்காமலே அந்த ரோஸ் அன்னத்தைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கதவுக்கு வெளியே நடந்தான்.

கேப்டன் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. "மணல் இங்கதான் கெடக்கும்," என்றார். "திங்கக்கெழம வர்றவங்க சொல்லட்டும், எது சுத்தம் எது அழுக்குன்னு. அதுக்கப்புறம் பேசலாம்."

"பேசலாம்," என்றாள் பெலிசா. "நான் இங்கதான் கஞ்சி விப்பேன். எங்கயும் போகல."

லாரி மணலைக் கதவோரம் கொட்டிவிட்டுப் போனது.

சாயந்திரம் நாலு மணிக்கு ஓபிங் அக்காவின் கைமணி தெருவில் கேட்டது. பெலிசா அந்தக் கரண்டியைக் கழுவி, மூங்கில் வேலியில் ஒரு கயிற்றால் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். இனி அதில் யாரும் கஞ்சி வாங்கப்போவதில்லை. மணல் மேட்டில் குழி பறித்து ஒரு கோழி சுகமாகப் படுத்திருந்தது. லெங்லெங் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து, வேலிக்குப் பக்கத்தில் கையை விட்டுவிட்டுத் தனியாக நடந்தாள். கரண்டியை இரண்டு கையாலும் பிடித்துத் தண்ணீரில் இறக்கினாள். பாதி சிந்த, மீதியை வெள்ளைத் தட்டில் ஊற்றினாள். பிள்ளைகள் சுற்றி மண்டியிட்டார்கள். பெலிசாவும் மண்டியிட்டாள். தலைகள் ஒன்றோடொன்று முட்டின. தட்டில் தண்ணீர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அது அடங்கட்டும் என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார்கள்.