பாலம் தாண்டிய நினைவில்லை

ஈப்போவுக்குள் நுழைந்து எண்ணெய் நிலையத்தில் காரை நிறுத்திய பிறகுதான் நவமணி அதைப் பார்த்தாள். பின்னால் வருவதைப் பார்க்கும் இடப்பக்கக் கண்ணாடி இருந்த இடத்தில் வெறும் கம்பிகள் தொங்கின. அவற்றில் ஒரு துணிக் கிழிசல் சிக்கியிருந்தது. சாலையில் வேலை செய்பவர்கள் போடுவார்களே, அந்த ஆரஞ்சு நிறச் சட்டைத் துணி.

ஆயர் தாவாரில் தங்கை வீட்டு விசேஷம். சரியான தூக்கமில்லை. காலையில் பசியாறிவிட்டுக் கிளம்பினாள். தங்கை வாசலில் நின்று கையாட்டியது நினைவிருந்தது. அடுத்த நினைவு இந்த எண்ணெய் நிலையம். நடுவில் செம்பனைத் தோட்டங்கள், போத்தா, பேராக் ஆற்றுப் பாலம். பாலத்தைத் தாண்டாமல் எப்படி வந்திருக்க முடியும்? அவளுக்கோ ஒரு முறை கண்ணிமைத்தது போலத்தான் இருந்தது.

கணவர் பிச்சைமுத்துவுக்குப் போன் செய்தாள்.

“ஏங்க, நான் யாரையோ மோதிட்டேன் போல. எங்கேன்னு தெரியல.”

“என்னலா சொல்ற? அங்கயே இரு, வாரேன்.”

“ஆள் அடிபட்டுக் கெடந்தா? நான் திரும்பிப் போறேன். நீங்க பின்னாலயே வாங்க.”

வரும்போது இல்லாமலே போன சாலை, திரும்பும்போது முடிவேனா என்றது. எதிர்ப்பக்க ஓரத்தையே பார்த்தபடி ஊர்ந்தாள். வெடித்த டயர், காய்ந்த செம்பனை மட்டை, செத்த நாய், எது கிடந்தாலும் பிரேக்கை மிதித்தாள். பின்னால் லோரிகள் ஹாரன் அடித்துத் தீர்த்தன.

பாலம் கடந்து வெகுதூரம் போன பிறகு, எதிர்ப்பக்கத்தில் புல் வெட்டும் ஆட்கள் ஒருவனைச் சுற்றி நிற்பது தெரிந்தது. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து இறங்கினாள். நடுவில் இருந்தவன், கூட்டிப் போக வண்டி இன்னும் வராமல், தரையில் உட்கார்ந்திருந்தான். முழங்கையெல்லாம் சிராய்ப்பு. ஆரஞ்சுச் சட்டை தோளில் கிழிந்திருந்தது. ஆனால் உயிரோடு இருந்தான்.

“தம்பி, உன்ன இடிச்ச காடி என்னோடதுதான்.”

அவன் கோபப்படவில்லை. உட்கார்ந்த வாக்கிலேயே பின்னுக்கு நகர்ந்தான். பத்துமலை என்று பெயராம்.

“கத்தினேங்கா. நேரா என்னையேதான் பாத்தீங்க. கண்ணு தொறந்துதான் இருந்துச்சு.”

“எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல, தம்பி.”

“எனக்கு எல்லாம் இருக்கு. காடி வருது, வருது, வந்துகிட்டே இருக்கு. உங்க மூக்குத்தியப் பாத்தேன். மக ஸ்கூல் பேக்ல ஜிப் போயிருச்சு, தைக்கணும்னு நெனச்சேன். பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்த சொல்லலியேன்னு நெனச்சேன். அவ்ளோ நேரம் இருந்துச்சு. கால்தான் வரல. கடைசில எப்படியோ ரோட்டோர லோங்காங்ல, சாக்கடைக்குள்ள விழுந்துட்டேன்.”

“கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள முடிஞ்சிருச்சுலா,” என்றான் பக்கத்தில் நின்றவன்.

“ஒனக்கு,” என்றான் பத்துமலை.

பிச்சைமுத்து நண்பர் ஒருவரின் காரில் வந்து சேர்ந்தார். பத்துமலையைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போய்க் கட்டுப் போட்டார்கள். போலீஸிலும் சொல்லியாயிற்று. வீடு திரும்பும்போது அவர்தான் ஓட்டினார்.

“கொஞ்சம் தூங்கு,” என்றார்.

நவமணி கண்ணை மூடவில்லை.

“இந்த ரோட்டுல எத்தன வருஷமா ஓட்டுறேன்! ஒரு தடவயாவது வந்தது ஞாபகம் இருக்கான்னு யோசிச்சுப் பாத்தேங்க.”

“ம்.”

“ஒண்ணுகூட இல்ல.”

பிச்சைமுத்து வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.