மதில் தாண்டிய நிழல்கள்

ரோஜாப்பூ ஒயினைக் குடித்த சாயங்காலம் பூட்டுக்காரரின் நிழல் எட்டு வயசுப் பையனுடையதாகச் சுருங்கி, தோட்டத்து மதிலேறிக் குதித்து, தம்பி வீட்டுப் பக்கம் போய்விட்டது. அவர் மனைவி அப்போது காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தார். "டவுசர் போட்டிருந்துச்சு" என்று மட்டும் பிறகு சொன்னார். மதிலுக்கு அந்தப் பக்கம், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த தம்பியின் நிழலும் அதே நேரத்தில் சின்னதாகி, பின்வாசல் படியில் தயாராக நின்றிருந்தது. இரண்டும் மதிலேறித் திரும்பி வந்து, அண்ணன் பக்கத்துக் கொய்யா மரத்தடியில் இருட்டும்வரை ஓடிப்பிடித்து விளையாடின.

அண்ணனும் தம்பியும் பேசிப் பல வருஷம் ஆகியிருந்தது. அம்மா இறந்த செய்தியை அண்ணன் வந்து சொல்லவில்லை. கடைக்குக் கண்ணாடி வாங்க வந்த ஒருவர் துக்கம் விசாரித்தபோதுதான் தம்பிக்குத் தெரிந்தது. ஏன் சொல்லவில்லை என்று தம்பி கேட்கவில்லை, அண்ணனும் காரணம் சொல்லவில்லை. அப்பா கட்டிய வீடு இரண்டானது. தோட்டத்து நடுவே இடுப்பளவு மதில் எழுந்தது. ரோஜாச் செடிகள் தம்பி பக்கம் போயின, புதினாவும் சாமந்தியும் அண்ணன் பக்கம் நின்றன. அவர்கள் மனைவிமாருக்கு மட்டும் இந்தக் கோபத்தில் பங்கெடுக்க நேரமில்லை. தம்பி மனைவி ரோஜாவைப் பறித்து மதில்மேல் கூடையில் வைப்பாள். அண்ணன் மனைவி இதழ்களை ஆய்ந்து, அடியிலிருக்கும் வெள்ளையைக் கிள்ளிப் போடுவார்; அது சேர்ந்தால் கசக்கும். இதழோடு கொஞ்சம் சாமந்தி, ஒரு பிடி புதினா, சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, கொதித்த தண்ணீர், ஆறியபின் ஈஸ்ட். பீங்கான் ஜாடியின் வாயைத் துணியால் கட்டி மாடிப்படிக்கு அடியில் வைத்தால், ஜாடி சில நாள் தனக்குள்ளேயே முணுமுணுத்துவிட்டு அடங்கும். வடிகட்டிப் புட்டியில் அடைத்தபின் மாதக்கணக்கில் அதை மறந்துவிட வேண்டும். வருஷா வருஷம் செய்ததுதான், ஒன்றும் ஆனதில்லை. அந்த வருஷம்தான் ஒரு புட்டி முதல்முறையாக மதில் தாண்டிப் போனது. யார் செய்தது என்று கேட்காமலே தம்பி குடித்தார்.

அதற்குப்பின் நிழல்கள் வெயில் வந்ததும் போய்விடும், வெளிச்சம் போனபின்தான் திரும்பும். தெருவில் கொஞ்சநாள் அதே பேச்சாக இருந்தது, பிறகு விலைவாசி ஏறியதில் மறந்துபோயிற்று. பூட்டுக்காரர் நிழலில்லாமலே கடையில் உட்கார்ந்து சாவி அராவினார். நிழல் எங்கோ விழுந்தால் அவர் முழங்கால் எரியும். சத்தமில்லாமல் மருந்து தடவிக்கொள்வார். தம்பிக்கு மத்தியான வேளைகளில் மூச்சு வாங்கும். யாருடைய கண்ணையாவது சோதித்துக்கொண்டிருக்கும்போதே காரணமில்லாமல் சிரிப்பு வரும். விடுமுறை நாட்களில் இருவரும் அவரவர் பக்கம் நாற்காலி போட்டு, பேப்பரை விரித்துக்கொண்டு, பேப்பருக்கு மேலாக அந்த விளையாட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கிட்டிப்புள்ளில் அண்ணனின் நிழல் அப்போதும் அழுகுணி ஆட்டம்தான் ஆடியது.

வேறு ஊரில் வேலையிலிருந்த தம்பி மகள் ஒருநாள் பெற்றோரைத் தன்னோடு வரச் சொல்லிவிட்டாள். கட்டிலும் பீரோவும் லாரியில் ஏறின, மனைவி ஏறி உட்கார்ந்தாள். நிழல் மட்டும் வரவில்லை. உச்சி வெயிலில் கொஞ்சநேரம் காத்து நின்றுவிட்டு, தம்பி அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"என்னோடது இங்க இருக்கா?"

"பின்னாடி இருக்கு" என்றார் பூட்டுக்காரர். "ரெண்டும் ஆடிக்கிட்டிருக்கு."

"கூப்பிட்டு விடு. லாரி நிக்குது."

"நான் சொல்லி நீ என்னிக்குடா கேட்ட, அது கேக்க?"

இருவரும் பின்பக்கம் போய் நின்றார்கள். கொய்யாவடியில் சின்ன நிழல் கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தது, பெரியது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. தம்பி கேட்டார்.

"அன்னிக்கு எனக்கு ஏன் சொல்லல?"

பூட்டுக்காரர் மரத்தைப் பார்த்தபடியே பதில் சொன்னார். "வந்தேன். உன் கடை வாசல் வரைக்கும் வந்தேன். ஒரு சின்னப் பொண்ணுக்குக் கண்ணாடி மாட்டிவிட்டு, அதோட சேந்து சிரிச்சுக்கிட்டிருந்த. அம்மா சிரிக்கிற மாதிரியே இருந்துச்சு. அப்ப போய் அதை எப்படிடா சொல்ல? கொஞ்சம் கழிச்சு வரலாம்னு திரும்பினேன். அதுக்குள்ள வேற யாரோ சொல்லிட்டாங்க."

தம்பி மேல்துண்டால் கண்ணாடியைத் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றித் துடைத்தார். லாரிக்காரர் ஹாரன் அடித்தார்.

"அது இங்கயே இருக்கட்டும்" என்றார் தம்பி. "அங்க போனா அதுக்கு யாரத் தெரியும்?"

நிழலில்லாமலே அவர் ஊர் மாறினார். மகளின் தெருவில் ஆரம்பத்தில் ஒருமாதிரி பார்த்தார்கள், பிறகு அதுவும் கண்புரை மாதிரி வயசானால் வரும் கோளாறு என்று நினைத்துக்கொண்டார்கள். ரோஜா பூக்கும் காலத்தில் வருஷம் தவறாமல் வந்து அண்ணன் வீட்டில் தங்கினார். இதழ் ஆய்வதை இரண்டு கிழவர்களும் கற்றுக்கொண்டார்கள், ஆனாலும் வெள்ளையைச் சரியாகக் கிள்ள வரவில்லை. அந்த வருஷங்களின் ஒயின் கொஞ்சம் கசந்தது. அதை யாரும் குறை சொல்லவில்லை.

பூட்டுக்காரர் ஒரு மழைக்கால விடியலில் இறந்தார். அவர் மனைவி வேறு யாருக்கும் சொல்வதற்கு முன் கொழுந்தனாருக்குத்தான் போன் செய்தார். எல்லாம் முடிந்து எல்லோரும் கலைந்தபின் மேகம் விலகியது. தம்பி பின்பக்கம் போய்ப் பார்த்தார். மரத்தடியில் இரண்டு நிழல்களும் இருந்தன. அவருடையது கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றது, மற்றது ஒளிய இடம் தேடிக்கொண்டிருந்தது. அவர் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தார்.

இப்போது தம்பியும் இல்லை. மின்சார மீட்டர் பார்க்க வருகிறவர் பின்பக்கத் தோட்டம் வழியாகத்தான் போயாக வேண்டும். மரத்தடி வந்ததும் கொஞ்சம் நின்று, இரண்டும் ஓடிக் கடந்தபிறகு, யாரையும் மிதிக்காமல் சுற்றிப் போவார்.