நாலாவது மாடியைத் தரையிறக்கியவன்

ஒரே மத்தியானத்தில் ஒரு கட்டடத்தின் நாலாவது மாடியை அலுங்காமல் குலுங்காமல் தூக்கிவந்து தரையில் வைத்தவன் நான். இதைச் சொன்னால் எங்கள் வீட்டுக்கு வருகிற விருந்தாளிகள் டீ புரையேறச் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டு, என் மனைவியின் தம்பியைப் பார்க்கிறார்கள். நான் வாயைத் திறந்தாலே "மாமா அளக்க ஆரம்பிச்சுட்டாரு" என்று சொல்லுகிற ஆள் அவன்.

நாங்கள் இருவரும் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் இருந்தோம். அவன் மெக்கானிக்குகளுக்குத் தலைவன். நான் ஆபீஸில் நாற்காலிக்குப் பாரம். நான் ஓய்வுபெறப் போகிற வருஷம் முதலாளிக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது. மாதம் ஒரு மத்தியானம் ஊழியர்கள் சம்பளத்தோடு வெளியே போய்த் தொண்டு செய்ய வேண்டுமாம். சும்மா இருப்பதில் உலகப் புகழ் பெற்ற என் தலையில் அந்தப் பொறுப்பு விழுந்தது. நிபந்தனை ஒன்றுதான்: தொண்டில் நம் தொழில் கலக்கக் கூடாது. கலந்தால், காண்ட்ராக்டுக்குத் தூண்டில் போடுகிறோம் என்று ஊர் பேசும்.

முதலில் பெயர் கொடுத்தவன் நான் ஒருவனே. தொண்டுக்கு வந்தால் அன்றைக்கு மேனேஜர் முகத்தில் விழிக்க வேண்டாம் என்று காதோடு காதாகச் சொல்லிவைத்தேன். கம்பெனியே திரண்டுவிட்டது.

தீராத நோயாளிகள் தங்கும் ஒரு இல்லத்துக்கு வெள்ளையடிக்கப் போனோம். அங்கே லிஃப்ட் செத்து வருஷக்கணக்காகியிருந்தது. லிஃப்டிலேயே பிழைப்பு நடத்துகிற நாங்கள், நிபந்தனைக்குப் பயந்து, லிஃப்ட் கதவுக்கும் சேர்த்துச் சுவர் வர்ணத்தையே பூசிவிட்டு வந்தோம். அங்கே ஒரு கதவு இருந்ததே தெரியவில்லை.

நாலாவது மாடியில் ஒரு அம்மாள் படுத்திருந்தாள். பஸ் கண்டக்டராக இருந்தவள். கழுத்தில் இன்னும் விசில் தொங்கியது. விசிலக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். ஒரு தடவை மண்ணில் கால் வைக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இல்லை.

"ஆயுசு முழுக்க ஊரையே எறக்கிவிட்டேன் தம்பி. என்னை எறக்கிவிடத்தான் ஆளில்லை," என்றாள் மச்சினனிடம்.

லிஃப்டைச் சரிசெய்யலாமா என்று முதலாளியிடம் அவன் இரண்டு முறை கேட்டான். நிபந்தனை நிபந்தனைதான் என்றார். மூன்றாவது முறை அவனைப் போகவிடாமல் நான் யோசித்தேன். மேல்கூரைக்கு வர்ணம் அடிக்க வேண்டுமானால் அறையைக் காலி செய்துதானே ஆக வேண்டும்? அதற்கு எந்த நிபந்தனையும் குறுக்கே நிற்கவில்லை. அடுத்த மாதம் நாலாவது மாடி மொத்தமும் கீழே என்று அறிவித்தேன்.

மச்சினன் நம்பவில்லை. அவளிடமே போய்ச் சொல்லிவிட்டான்: "நடக்காதுக்கா. மாமா சொல்றதுல பாதியக் காத்துக்கு விட்டுடணும்."

அவள் சிரித்தாளாம். "வண்டி வரும்னு நம்பினாத்தானே தம்பி ஸ்டாப்புல நிக்க முடியும்?"

சொன்ன நாளில் போனோம். ஆளுக்கொரு கட்டிலோ நாற்காலியோ நோயாளியோ தூக்கி இறக்கினோம். என் முதுகில் மட்டும் இருபது பேர் இறங்கியிருப்பார்கள். முற்றம் நிறைந்தது. பல வருஷமாக வெயில் படாத முகங்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தன. ஒருவர் செருப்பே இல்லாமல் மண்ணில் நடந்து, நடந்து, நிறுத்தவே மாட்டேன் என்றார்.

மாடியில் விசிலக்காவின் கட்டில்மேல் போர்வை முகம் வரை இழுத்துவிடப்பட்டிருந்தது. விடியற்காலையில் போயிருந்தாள். எடுத்துப்போக உறவு என்று யாரும் வரவில்லை. அவளை யாரும் தூக்கவேண்டாம் என்றான் மச்சினன், தானே தூக்கினான். ஒவ்வொரு படியிலும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இறங்கினான். நான் பின்னால் போனதால் காதில் விழுந்தது. மன்னிச்சிடுக்கா என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான். முற்றத்தில் மண்டியிட்டு, அவள் பாதங்களை மண்ணில் வைத்தான். அப்புறம் அந்த விசிலை எடுத்து, வண்டி நிற்பதற்கு ஊதுகிற மாதிரி, ஒரே ஒருமுறை ஊதினான்.

போன வாரமும் விருந்தாளிகள் சிரித்தார்கள். வழக்கம்போல அவனைப் பார்த்தார்கள். அவன் டீயை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தான்.

"இருபது பேரெல்லாம் இல்லை. மாமா ஒருத்தரைத்தான் தூக்கினாரு, அதுவும் பாதிப் படியில மூச்சு வாங்கிட்டு," என்றான்.

அப்புறம், யாரையும் பார்க்காமல் சொன்னான்:

"ஆனா நாலாவது மாடி எறங்குச்சு. நான்தான் நம்பலை."