ஒரு செங்கல் உயரம்

"போனைக் கொஞ்சம் கீழே காட்டுக்கா" என்றான் ஜோயல்.

அவன் நாக்பூரில் இருந்தான். தென்காசிப் பக்கம் மேலகரத்து வீட்டில் அக்கா ரெபேக்காள் புதுக் குளியலறையை வீடியோவில் காட்டிக்கொண்டிருந்தாள். டைல்ஸ், கைப்பிடிக் கம்பி, வெஸ்டர்ன் கழிவறை எல்லாம் அழகாகத்தான் இருந்தன. கேமரா கீழே இறங்கியது. அறைத் தரையைவிடக் குளியலறைத் தரை ஒரு செங்கல் உயரம் ஏறி நின்றது.

"படியே இருக்கக் கூடாதுன்னு எத்தனை தடவை சொன்னேன்!"

"ஏலே, சாரல் பிடிச்சா கொல்லைத் தண்ணி பூரா உள்ள வரும்லா? அங்கன இருந்துக்கிட்டு ஒனக்கு என்ன தெரியும்? நாந்தான் கொத்தனார் நல்லகண்ணுகிட்ட உயர்த்தச் சொன்னேன்."

"அப்பா வாக்கரோட எப்படிக்கா ஏறுவாரு?"

ரெபேக்காள் கேமராவை மறுபடி படியின் பக்கம் திருப்பினாள். "அதை யோசிக்கலையே" என்றாள்.

பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பா தங்கசாமி மகனோடுதான் இருந்தார். நாக்பூர் வாடகை வீட்டுக் கழிவறைக்குள் வாக்கர் நுழையாது. ஒவ்வொரு முறையும் ஜோயல்தான் பிடித்து உட்கார வைக்க வேண்டும். அப்பா குறை சொன்னதில்லை. தண்ணீர் குடிப்பதைத்தான் குறைத்துக்கொண்டார். உதடு வெடித்திருந்தது. தம்ளரை நீட்டினால், "தாகம் இல்லப்பா" என்பார். டாக்டர் திட்டியும் பயனில்லை. இனி ஊரில் அக்காதான் பார்த்துக்கொள்ளப் போகிறாள். மகளிடம் அவர் அந்த உதவியைக் கேட்கவே மாட்டார். அவராகப் போய்வர வேண்டும் என்றுதான் அந்தக் குளியலறையையே இடித்துக் கட்டினார்கள்.

"நல்லகண்ணைக் கூப்பிட்டு சரிவாப் பூசச் சொல்லு."

"குத்தாலத்துல சீசன் ஆரம்பிச்சிட்டுல்லா. அவன் ஐந்தருவில பழக்கடை போட்டுட்டான். தென்காசி பூரா தேடினாலும் இப்ப கொத்தனாரும் கிடையாது, சித்தாளும் கிடையாது."

"வேலையைப் பாதில போட்டுட்டு மங்குஸ்தான் விக்கப் போயிட்டானா?"

"பாதில எங்க போட்டான்? நான் சொன்னதை முடிச்சிட்டுத்தான் போனான்."

பக்கத்திலிருந்து அத்தானின் குரல் கேட்டது. "மாப்ள, இதுக்குப் போயி ஏன் சத்தம் போடுத? நானும் இன்னொருத்தனும் மாமாவை அலாக்காத் தூக்கிர மாட்டோமா?"

ஜோயலுக்குத் தலை கொதித்தது. "எல்லாரும் உதவி செஞ்சது போதும். இனி ஒண்ணும் செய்யாதீங்க!" என்று போனை வைத்தான்.

அன்று சாப்பாட்டுக்கு முன் ஜெபிக்க உட்கார்ந்தபோது அவனுக்கு அக்காவின் நினைவே வந்தது. தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்குத் தவறு தெளிவாகத் தெரிந்துவிடுகிறது. மாதக்கணக்கில் அங்கே நின்று வேலை வாங்கியவளின் களைப்பு போனில் தெரிவதில்லை.

சில நாள் கழித்து அப்பாவும் அவனும் தென்காசியில் ரயிலிலிருந்து இறங்கியபோது சாரல் விழுந்துகொண்டிருந்தது. ரெபேக்காள் அப்பாவுக்குக் குடை பிடித்தாள். தம்பி பக்கம் திரும்பவில்லை. அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தான்.

வீட்டில், அறைத் தரையிலிருந்து குளியலறை வரை அகலமான நீளப் பலகை ஒன்று சரிவாகப் போடப்பட்டிருந்தது. அதன்மேல் சாக்கு விரித்து ஆணி அடித்திருந்தது. ஓரமெல்லாம் மங்குஸ்தான் கறை.

"இது யாரு வேலை?" என்று எரிச்சலோடு கேட்டான் ஜோயல்.

"ஐந்தருவிக்குப் போய் நல்லகண்ணுகிட்ட விஷயத்தைச் சொன்னேன். பழத்தையெல்லாம் கீழ இறக்கிட்டுக் கடைப் பலகையை உருவிட்டான். அவனே வந்து போட்டும் தந்தான். சீசன் முடிஞ்சதும் சிமெண்ட்ல சரிவு வச்சுத் தாரானாம். அதுவரைக்கும் பாவம், தரையில வச்சு விக்கான்."

"இது ஆடினா என்ன செய்ய?"

"ஆடாது. ஒங்கத்தானை ஏத்தி இறக்கிப் பாத்துட்டேன். இந்த வீட்டுல அவரைவிட எடை யாருக்கு இருக்கு?"

ஜோயலுக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா வாக்கரை ஊன்றிப் பலகையில் ஏறினார். அவன் ஓடிப்போய்க் கையை நீட்டினான். ரெபேக்காள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"விடுலே. அவரு போகட்டும்."

வாக்கரின் கால்கள் சாக்கில் பதிந்து பதிந்து ஏறின. கதவு மூடியது. இருவரும் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. "ஸ்தோத்திரம்" என்றாள் ரெபேக்காள்.

அக்காவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஜோயலுக்குத் தோன்றியது. அவள் கையிலிருந்த ஈரக்குடையை வாங்கிக்கொண்டுபோய் வாசலில் விரித்து வைத்துவிட்டு வந்தான்.

அப்பா தானாகவே இறங்கிவந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"எம்மா, குடிக்கத் தண்ணி தா."

ஒரே மூச்சில் குடித்து முடித்தார். பிறகு வெறும் தம்ளரை மகனிடம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துப்பா."