மெல்லினக்காரி

"இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டு எஸ்தரு. இல்லாட்டி வாய் தொறந்துக்கும்" என்றாள் எதிர்வீட்டுத் தில்லையம்மாள்.

வெள்ளைத் துணியைக் கங்கையம்மாளின் தாடைக்கு அடியில் கொடுத்து, உச்சந்தலையில் ஒரு முடிச்சுப் போட்டிருந்தாள் எஸ்தர். இரண்டாவது முடிச்சுக்கு விரல்கள் வரவில்லை. மருந்துக் கடையில் கண்ணை மூடிக்கொண்டு நாளைக்கு ஆயிரம் பொட்டலம் கட்டுகிற விரல்கள்.

"இன்னாமா பயந்துக்கினு? உன் நாத்தனாருதான, பேயா பிசாசா?" தில்லையம்மாள் துணியைப் பிடுங்கி, மூட்டை கட்டுவதுபோல் ஒரே இழுப்பில் கட்டி முடித்தாள்.

கங்கையம்மாள் காலையில் வேலைக்குப் போனவள். பன்னிரண்டு மணிக்குப் புடவைக் கடைக்காரர்களே ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். மடியில் பாதி மடித்த புடவையோடு சுவரில் சாய்ந்தாளாம். தூங்குகிறாள் என்று நினைத்தார்களாம். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாளும் வேலை நேரத்தில் தூங்காதவள் ஆயிற்றே என்று அப்புறம்தான் யாருக்கோ உறைத்ததாம்.

அவள் வேலை அப்படி. கல்யாணக் கூட்டம் ஒன்று வந்து உட்கார்ந்தால் முந்நூறு பட்டைப் பிரித்துப் போட்டுவிட்டு, ஒன்றை எடுத்துக்கொண்டு, ஓசிக் காபியையும் குடித்துவிட்டுப் போகும். மிச்சம் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பதையும் பின்கட்டில் உட்கார்ந்து மடிப்பவள் கங்கையம்மாள். அவள் மடித்ததையெல்லாம் முனைக்கு முனை முடிந்து நீட்டினால் நிலாவுக்குப் போய், அங்கே ஒரு பிரதட்சிணமும் முடித்து, திரும்பிப் பிள்ளையார்பாளையம் வந்து சேரும். இதில் மிகை கொஞ்சம்தான்.

முன்கட்டில் அவளை நிறுத்தவே இல்லை. காரணம் அவள் பேச்சு. பிறக்கும்போதே மேலண்ணத்தில் பிளவு. வாய்க்குப் போகவேண்டிய காற்றெல்லாம் மூக்குக்குப் போய்விடும். வல்லினம் ஆறும் அவள் வாசலை மிதித்ததில்லை. 'க' சொல்லப் போனால் 'ங' வரும், 'ச'வுக்கு 'ஞ', 'த'வுக்கு 'ந', 'ப'வுக்கு 'ம'. ஆகமொத்தம் மெல்லினத்தை வைத்தே ஐம்பத்து நாலு வருஷம் குடித்தனம் நடத்தினாள். அதையும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நடத்தினாள். பெண் பார்க்க வந்தவர்கள் ஒரு வார்த்தை பேசச் சொன்னார்கள், அதோடு சரி. தம்பி மணிவண்ணன் ஸ்கூல் வேன் ஓட்டிச் சம்பாதித்து, வாலாஜாபாத்துக் கிறிஸ்தவப் பெண் எஸ்தரைக் காதலித்துக் கட்டிக்கொண்டு வந்தபோது, அவளுக்கு ஆரத்தி எடுத்தவளும் இந்த அக்காதான்.

அப்புறம் ஜோதிகா பிறந்தாள். கங்கையம்மாளுக்கு வாய் திறந்தது.

ஐந்தாறு மாதத்துக் குழந்தை மல்லாந்து கிடந்துகொண்டு "ம்ம்மா, ங்ஙா, நன்னன்னா" என்று பிரசங்கம் செய்யுமே, அதற்குப் பதில் சொல்ல அந்தத் தெருவிலேயே தகுதியான ஆள் அவள் ஒருத்திதான். இருவருக்கும் ஒரே எழுத்துகள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தால் காஞ்சிபுரத்து நியாயங்கள் அத்தனையும் இருவரும் பேசித் தீர்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள்.

குழந்தை அங்கேயே நிற்குமா? ஒரு வயதில் 'பாப்பா' வந்தது. 'தாத்தா' வந்தது. கொஞ்சம் மக்கர் செய்துவிட்டு 'காக்கா' வந்தது. 'ச' வந்த அன்று நாள் முழுக்க "சோசை, சோசை" என்று தோசையைக்கூட விடவில்லை. 'ர' மட்டும் மூன்றரை வயதாகியும் வராமல், ரயிலை 'யயிலு' என்று ஓட்டிக்கொண்டிருந்தாள். 'ழ'வைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. எழுபது வயது பூசாரியே 'வாயப்பயம்' நைவேத்தியம் செய்கிற தெரு அது.

இந்த நேரத்தில்தான் மூன்று மாதம் முன்பு பால்வாடி டீச்சர் எஸ்தரைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "உங்க பொண்ணு மூக்கால பேசுதுமா. நானே கேட்டேன். இப்பவே கவனிச்சுக்கங்க."

எஸ்தருக்கு அன்று மருந்துக் கடையில் பாட்டில் மாறிப்போனது. காலை ஏழரைக்கு அவள் ஸ்கூட்டியில் கிளம்பினால், குழந்தைக்கு இட்லி ஊட்டி, தலை சீவி, பத்து மணிக்குப் பால்வாடியில் விட்டுவிட்டுத்தான் கங்கையம்மாள் கடைக்குப் போவாள். அந்த இரண்டரை மணி நேரத்தில் ஒட்டிக்கொள்கிறது என்று கணக்குப் போட்டாள். வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றும் முன்பே சொல்லிவிட்டாள்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. கொஞ்ச நாளைக்கு பாப்பாகிட்ட பேசாம இருங்களேன். அவளும் உங்கள மாதிரி ஆயிடப்போறா."

கங்கையம்மாள் மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். கையைக் கழுவி, முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு, சரி என்று தலையை ஆட்டினாள். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து குழந்தையைக் கூப்பிட வேண்டுமென்றால் டம்ளரைத் தரையில் தட்டினாள். வீட்டில் டம்ளர் சத்தம் மட்டும் கேட்டது.

மூன்று மாதம். இன்றைக்குத் துணியும் கட்டியாயிற்று.

இரண்டு மணிக்குப் பால்வாடியிலிருந்து வந்த ஜோதிகா நேராக அத்தையிடம் போனாள். தெருவில் மேளக்காரர்கள் வந்து இறங்கியிருந்தார்கள். கடை முதலாளி அனுப்பிய மாம்பழ நிறப் பட்டைத் தில்லையம்மாள் போர்த்திக்கொண்டிருந்தாள். "பாரு, எப்படிக் கன்னாபின்னான்னு மடிச்சு அனுப்பிக்கிறாங்கோ. கங்கா பாத்தா எயிந்து வந்து ஒதைப்பா" என்று சொல்லிச் சிரித்தவள், சிரிப்பு முடியுமுன் மூக்கைச் சிந்தினாள்.

"அத்தே தூங்குதா?" என்றாள் ஜோதிகா அம்மாவிடம்.

"ஆமாடா."

"வாய்ல அடி பட்டுச்சா? யாயு கட்டுனா?"

கூரத்திலிருந்து வந்திருந்த சொந்தக்காரப் பெரியவர் கலியாணசுந்தரம் வாசலிலிருந்து குரல் கொடுத்தார்: "வாய்க்கரிசி எடுத்தாங்கமா. நேரம் ஆவுது. சாயந்திரத்துக்குள்ள எடுத்துடணும்."

எஸ்தரின் அம்மா வீட்டில் இந்த வழக்கம் இல்லை. எந்த அரிசி, எவ்வளவு என்று தெரியாமல் அடுக்களைக்குப் போய், ஒரு தட்டில் பச்சரிசியை அள்ளிக்கொண்டு திரும்பினாள். மேளத்துக்குத் தோல் காய்ச்ச வைக்கோலைக் கொளுத்தியிருந்தார்கள். அதை வேடிக்கை பார்க்க எல்லோரும் வாசலுக்குப் போயிருந்தார்கள். கூடத்தில் பெரியவள் ஒருத்தியும் சின்னவள் ஒருத்தியும்தான்.

எஸ்தர் கதவுத் திரைக்குப் பின்னால் நின்றுவிட்டாள்.

ஜோதிகா எட்டி அடுக்களைப் பக்கம் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். திருடன்கூட அவ்வளவு ஜாக்கிரதையாகப் பார்த்திருக்க மாட்டான். அப்புறம் குப்புறப் படுத்து, அத்தையின் காதில் வாயை வைத்து, மூக்கால், அத்தையின் அச்சு அசல் குரலில் சொன்னாள்:

"அந்நே... அம்மா மோயிண்ணா. மேஞு."

அத்தே, அம்மா போயிட்டா. பேசு.

தட்டிலிருந்து அரிசி நாலு மணி சிந்தியது. குழந்தை காத்திருந்தது. பிறகு இன்னும் கொஞ்சம் பேசியது. நாளைக்கும் இட்லிதானா என்று கேட்டது. டீச்சர் அதட்டினாள் என்று கோள் சொன்னது. எல்லாம் மெல்லினத்தில். ஒரு 'க' இல்லை, ஒரு 'த' இல்லை. எஸ்தர் திரையை விலக்கியதும் நிமிர்ந்து உட்கார்ந்து, "அம்மா, அயிசி எதுக்கு?" என்று தெருப் பிள்ளைகள் பேசுகிற தமிழில் கேட்டது.

பால்வாடி வாசலில் குழந்தையைக் கொண்டுபோய் விடுவது யார்? அத்தை. டீச்சர் கேட்டது அங்கேதான். அத்தைக்கு டாட்டா சொல்வதைத்தான் கேட்டிருப்பாள். உள்ளே போய்ப் பாடியதை, சண்டை போட்டதைப் பிள்ளைகள் கூச்சலில் கவனித்திருக்க மாட்டாள்.

"அக்கா" என்றாள் எஸ்தர், உள்ளே வந்த தில்லையம்மாளிடம். "அண்ணி பாப்பாகிட்ட பேசுவாங்களா?"

"இன்னா இப்படிக் கேக்குற? உன் வண்டி முனை திரும்புனதும் ஆரம்பிச்சா, பத்து மணி வரைக்கும் ரெண்டும் வாயே மூடாதுங்க. எனக்குக் காது வலியே வந்துடும். திரும்ப உன் வண்டி சத்தம் கேட்டுதுன்னு வெச்சுக்கோ, கப்சிப். குட்டி வாயப் பொத்திக்கும், பெரிசு டம்ளரைத் தட்டும். சிரிச்சுச் சிரிச்சு என் வயிறு புண்ணாயிடுச்சு."

"இன்னைக்கு?"

"இன்னைக்கா? இட்லிக்குச் சக்கரை வேணும்னு ரெண்டும் பெரிய சண்டை. அது 'ஞங்ஙரை' இங்குது, இது 'ஞங்ஙயை' இங்குது. கடைசில கங்காதான் தோத்துது."

எஸ்தர் கங்கையம்மாளின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். உச்சந்தலை முடிச்சில் விரலை விட்டு நெகிழ்த்தினாள்.

"அய்ய, அவுக்காதமா. எடுக்குறப்ப அவுப்பாங்க" என்றாள் தில்லையம்மாள்.

"கொஞ்சம் லூசா இருக்கட்டும்கா."

மூன்று விரல் அளவு அரிசியை உதட்டின்மேல் வைத்தாள். முந்தானை இல்லாமல் அந்த வாயை அவள் இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. சாதாரண வாய்தான்.

ஐந்து மணிக்குத் தூக்கினார்கள். மணிவண்ணன் சட்டையில்லாமல், கையில் சட்டியோடு, திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்தான். தெரு முழுக்கச் சாமந்தி இறைந்தது. ஆண்கள் போனதும் பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டுத் தலைமுழுகினார்கள். எஸ்தர் ஈரப் புடவையோடு கூடத்துக்கு வந்தபோது, கழுவின தரையின் நடுவே ஜோதிகா நின்றுகொண்டிருந்தாள்.

"அம்மா, நீ கடைக்குப் போ."

"இன்னைக்குக் கடை இல்லடா செல்லம்."

"இல்ல, போ. வண்டில போ." குழந்தை அவள் முழங்காலை இரண்டு கையாலும் தள்ளியது. உதடு பிதுங்கத் தயாராக இருந்தது. "போனாத்தான் அத்தே..."

எஸ்தர் அவளையே பார்த்தாள். பிறகு ஆணியிலிருந்து சாவியை எடுத்தாள்.

"ஈரத் துணியோட எங்கமா போற, எழவு வீட்டுலேந்து?" என்று எதிர்வீட்டிலிருந்து தில்லையம்மாள் கத்தினாள்.

"தோ, முனை வரைக்கும்கா. பாப்பாவ அங்கேர்ந்தே பாத்துக்கோங்க. உள்ள போவாதீங்க."

ஸ்கூட்டியை உதைத்து, வேண்டுமென்றே இரண்டு தடவை உறுமவிட்டாள். சாமந்தியின் மேல் ஏற்றாமல் ஓரமாக ஓட்டிக்கொண்டு போனாள். தெருமுனையில், சாயக்காரர் வீட்டுக் குழாயடியில் இஞ்சினை அணைத்துவிட்டு நின்றாள். கூந்தலிலிருந்து தண்ணீர் சொட்டியது. குழாயடிப் பெண்கள் பார்த்தார்கள். முந்தானை நுனியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

கால் மணி நேரம் ஆயிற்று. அரை மணியும் ஆயிற்று. விளக்கு வைக்கிற நேரம்.

திரும்பும்போது முனையிலிருந்தே ஹாரனை அடித்தாள். மூடியிருந்த வீடுகளையும், காலியான தெருவையும் தாண்டி, வாசல் வருகிறவரைக்கும், விட்டுவிட்டு, மெதுவாக அடித்துக்கொண்டே வந்தாள்.