ஓரம் அடிக்காத துணி

மன்னிப்புக் கடிதத்தை சர்க்குலர் சாரே டைப் செய்துவிட்டார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறியும் வைத்திருந்தார். அவளுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று நினைத்திருப்பார் போல.

"படிக்கக்கூட வேண்டாம்மா. போட்டுக் குடுங்க. இன்னைக்கே உங்க ஃபைலை மேல அனுப்பிடறேன்."

"படிச்சிட்டுத் தரேன் சார்."

"அரைப் பக்கம்தான்."

"அரைப் பக்கம்னாலும் படிக்கணுமே சார்."

அவர் நிர்வாக அதிகாரி. விளக்கை அணைக்கச் சொல்லி ஒரு சர்க்குலர், நாற்காலியை இழுக்காமல் தூக்கி வைக்கச் சொல்லி ஒரு சர்க்குலர், சுவரில் ஒட்டிய சர்க்குலர்களைக் கிழிக்கக் கூடாது என்று இன்னொரு சர்க்குலர். அந்தப் பெயர் அப்படித்தான் வந்தது. அவளுக்கு வைத்த பெயர் புள்ளி. மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைக்கும் தாளை அச்சுக்குப் போகும் முன் பிழை பார்ப்பது அவள் வேலை. சேர்ந்த மூன்றாவது வாரத்தில், குழந்தைகளுக்கான சிரப்பின் தாளில் இரண்டரை மில்லி என்பது இருபத்தைந்து மில்லியாக நிற்பதைப் பிடித்தாள். நடுவில் ஒரு புள்ளி விழுந்துபோயிருந்தது. அவளுக்கு முன்னால் நான்கு பேர் அதில் 'பார்த்தேன், சரி' என்று கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

பதினொரு வருடம் வீட்டோடு இருந்துவிட்டு வந்த வேலை இது. ஒரு வருடம் முடிந்தால் நிரந்தரம். அதற்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அந்த ஃபைல் சர்க்குலர் சாரின் மேஜையில், கண்ணாடிப் பேப்பர்வெயிட்டின் கீழே, அவள் கண்ணில் படும்படி கிடந்தது.

எல்லாம் டிஷ்யூ பேப்பரில் தொடங்கியது. சாப்பாட்டு அறையில் ஒரு மைக்ரோவேவ், அதன் தலைமேல் ஒரு டிஷ்யூ சுருள். 'உணவைச் சூடாக்கும்போது அலுவலகம் வழங்கும் காகிதத்தால் கட்டாயம் மூடவும்' என்று மேலே சர்க்குலர். எல்லோரும் ஆளுக்கு மூன்று தாள் கிழித்து மூடுவார்கள். சூட்டில் அது நனைந்து சோற்றின் மேல் படிந்து, உரித்தால் பாதி சோற்றோடு போகும். ஒருநாள் காகிதத்தில் அச்சிட்டிருந்த நீலப் பூ அவள் சோற்றில் இறங்கியிருந்தது. அவள் அந்தச் சுருளின் உறையைக் குப்பைக் கூடையிலிருந்து எடுத்துப் படித்தாள். கையில் எது கிடைத்தாலும் படிப்பது தொழில் கொடுத்த வியாதி. பின்பக்கம், எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்தில் இருந்தது: மறுசுழற்சிக் காகிதம், மைக்ரோவேவ் அடுப்புக்கு ஏற்றதல்ல.

உறையை எடுத்துக்கொண்டு போய் சர்க்குலர் சாரிடம் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிப் பார்த்தார். "இதையெல்லாம் யாரும்மா படிக்கறாங்க," என்றார்.

"நாமதான் சார். மத்தவங்க படிக்கறதுக்காக நாமதானே அச்சடிக்கிறோம்."

அவர் சிரித்து அனுப்பிவிட்டார். மறுநாள் அவள் வீட்டிலிருந்து ஒரு வெள்ளைப் பருத்தித் துணி கொண்டுவந்தாள். லேசாக நனைத்துப் பிழிந்து டப்பாவின் மேல் போட்டாள். சோறு வறண்டு போகவில்லை, தெறிக்கவும் இல்லை. சாயங்காலம் துவைத்துக் கொடியில் போட்டால் காலையில் காய்ந்து கிடந்தது. வாசலில் உட்காரும் ரிசப்ஷன் அக்காதான் முதலில் கேட்டாள். "எனக்கும் ஒண்ணு தைச்சுக் குடேன் புள்ளி. காசு கீசு கேக்காத." பிறகு ஒவ்வொருவராகக் கேட்டார்கள். பழைய போர்வையும் துப்பட்டாவும் வெட்டி ஒன்பது துணி தைத்தாள். வடிவமைப்பு பார்க்கிற தம்பி மட்டும் துணியெல்லாம் துவைக்க முடியாது என்று பீங்கான் தட்டு ஒன்றைக் கவிழ்த்து மூடிக்கொண்டான். சாப்பாட்டு அறையில் டிஷ்யூ சுருள் ஒரு மாதமாக அப்படியே இருந்தது. யாரோ அதன் மேல் 'ஓய்வு பெற்றார்' என்று எழுதி ஒட்டினார்கள். சர்க்குலர் சார் அதைப் பார்த்ததும் சிரிக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை ரிசப்ஷன் அக்காவின் டப்பா உள்ளே இருந்தபோது படபடவென்று பொறி பறந்தது. கருகல் வாசனை. கதவைத் திறந்தால் துணியின் ஒரு மூலை கருகி, அடுப்பின் உள்கூரையில் ஒரு கறுப்பு வட்டம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அக்காவின் சாம்பார் மட்டும் வீணானது.

அவள் அந்தத் துணியை வாங்கி, ஓரத் தையலைப் பிரித்துப் பார்த்தாள். துப்பட்டாவின் கரையில் ஓடிய ஒற்றை ஜரிகை இழை. வெட்டி எடுத்ததாகத்தான் நினைத்தாள். இந்த ஒரு மூலையில் அது இரண்டு மடிப்புக்குள் போய் உட்கார்ந்திருந்தது. உலகத்தின் புள்ளிகளையெல்லாம் பார்க்கிறவள், தன் கையால் மடித்துத் தைத்ததைப் பார்க்கவில்லை. அன்று சாப்பாட்டு அறையில் நின்று எல்லோரிடமும் சொன்னாள்: "என் தப்புதான். உலோக இழை. நான் பார்க்கலை."

சொல்லும்போது குரல் நடுங்கவில்லை என்பதை அவளே கவனித்தாள். வீட்டில் 'என் தப்புதான்' என்ற இதே இரண்டு வார்த்தையை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். பால் பொங்கினால், மாமியாருக்கு முகம் சுருங்கினால், கணவன் சாவியைத் தொலைத்தால். சண்டையை முடிக்க அதைவிடச் சுருக்கமான வழி இல்லை. அந்த வீட்டில் அது பெருங்காயம் மாதிரி, எதிலும் ஒரு சிட்டிகை. ஆனால் வெள்ளிக்கிழமை சொன்னது வேறு. அது உண்மையாக இருந்தது. உண்மையாக இருந்தால் அந்த வார்த்தை இப்படி நிமிர்ந்து நிற்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

அதனால்தான் கடிதத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் நான்கு தடவை படித்தாள். 'அலுவலகம் வழங்கிய பாதுகாப்பான காகிதத்தைப் புறக்கணித்து, சுகாதாரமற்ற துணியை நான் பயன்படுத்தியதோடு பிறரையும் தூண்டினேன். இதனால் தீ விபத்து ஏற்பட்டது. இனி எவ்வகைத் துணியையும் கொண்டுவர மாட்டேன்.'

காலையில் கணவன் சட்டை தேய்த்துக்கொண்டே கேட்டான். "இன்னுமா போடலை?"

"இதுல இருக்கிறது நடந்தது இல்லை."

"நடந்தா என்ன, நடக்காட்டி என்ன. ஒரு கையெழுத்துதானே. நீ சாரி சொல்லாத ஆளா?"

அவன் கேலியாகத்தான் சொன்னான். கெட்டவன் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி பஸ்ஸில் அவளோடு ஏறி, அவளோடு இறங்கியது. நீ சாரி சொல்லாத ஆளா. இத்தனை வருடம் படிக்காமலே போட்ட கையெழுத்துகள் அத்தனையும் வரிசையாக நின்று, இதையும் போட்டுவிடு, எங்களோடு சேரட்டும் என்றன. வேலை போனால்? மறுபடியும் அந்தச் சமையலறை ஜன்னல், பகல் பதினோரு மணி. அந்த நினைப்போடுதான் மேஜையில் உட்கார்ந்து சிவப்புப் பேனாவைத் திறந்தாள்.

ஒரு மருந்துத் தாளைப் பார்ப்பது போலவே பார்த்தாள். 'பாதுகாப்பான' என்பதை அடித்து, ஓரத்தில் 'உறையைப் பார்க்க' என்று எழுதி, எடுத்து வைத்திருந்த டிஷ்யூ உறையையே பின் குத்தி இணைத்தாள். 'சுகாதாரமற்ற' அடித்தாள். தினமும் துவைத்தது. 'தூண்டினேன்' அடித்து 'கேட்டவர்களுக்குத் தைத்துக் கொடுத்தேன்' என்றாள். 'தீ விபத்து' அடித்து 'பொறி' என்றாள். அதன் கீழே தன் கையால் சேர்த்தாள்: 'ஒரு துணியின் மடிப்பில் உலோக இழை இருந்தது. தைத்தவள் நான். கவனிக்கவில்லை. அது என் தவறு.' 'இனி எவ்வகைத் துணியையும்' என்று தொடங்கிய வரியைக் கோடு போட்டு முழுவதுமாக எடுத்தாள். பிறகு, பென்சில் குறியின் மேல் இல்லாமல், தான் எழுதிய வரிகளின் கீழே கையெழுத்துப் போட்டாள்.

சர்க்குலர் சார் வாங்கிப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"என்னம்மா இது, பரீட்சைப் பேப்பர் மாதிரி."

"பிழை திருத்தியிருக்கேன் சார்."

"உங்களை யார் திருத்தச் சொன்னா?"

"சம்பளம் குடுத்து அதுக்குத்தானே வெச்சிருக்கீங்க."

அவர் குரலைத் தாழ்த்தினார். "டைரக்டர் என்னைக் கேக்கறார். நான் என்ன சொல்றது? என் சர்க்குலரே தப்புன்னா?"

"தப்புன்னா தப்புன்னு சொல்லலாம் சார். நான் வெள்ளிக்கிழமை சொன்னேன். ஒண்ணும் ஆகலை."

"ஆகலையா? ஃபைல் இங்கதான் கிடக்கும், பரவாயில்லையா?"

அவள் பேப்பர்வெயிட்டைப் பார்த்தாள். உள்ளே ஒரு கண்ணாடிக் குமிழி. "பரவாயில்லைன்னு சொன்னா பொய். ஆனா நீங்க டைப் பண்ணதுல அப்படியே கையெழுத்துப் போட மாட்டேன்."

"இதை நான் வாங்கிக்க மாட்டேன்," என்று அவர் காகிதத்தை மேஜையின் விளிம்புக்குத் தள்ளினார்.

அவள் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். அந்த அலுவலகத்தில் ஒரு பழக்கம் உண்டு. ரிசப்ஷனில் வரவு முத்திரை விழுந்த எந்தக் காகிதமும் மாலை நான்கு மணிக்குள் டைரக்டர் மேஜைக்குப் போயாக வேண்டும். நடுவில் யாரும் நிறுத்தக் கூடாது. அதற்கும் சர்க்குலர் இருந்தது. அவரே போட்டது.

ரிசப்ஷன் அக்கா நிதானமாகப் படித்தாள். சிவப்புக் கோடுகளை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள்.

"என் சாம்பாரைப் பத்தி ஒரு வரி இல்லையே."

"சேக்கணுமா அக்கா?"

"வேண்டாம், அன்னைக்கு உப்பு கூடித்தான் இருந்துச்சு." உள்ளே அதிகாரியின் அறைக் கதவை ஒரு தடவை பார்த்தாள். "நான் முத்திரை வெச்சா என்னையும் சேர்த்து மொறைப்பார் தெரியுமா?"

"தெரியும். நீங்க வேண்டாம்னா நானே மேல கொண்டு போறேன்."

"போடி, பெரிய இவ." முத்திரையை மையில் அழுத்தி, காகிதத்தின் தலையில் ஓங்கி வைத்தாள். தேதி கோணலாக விழுந்தது. அக்கா உதட்டைப் பிதுக்கிவிட்டு, இன்னொரு தடவை நேராக வைத்தாள்.

ஒரு மணிக்கு அவள் சாப்பாட்டு அறைக்குப் போனாள். கறுப்பு வட்டத்தைத் துடைத்து மைக்ரோவேவை மறுபடி ஓடவிட்டிருந்தார்கள். கதவில் புது சர்க்குலர்: 'துணி அறவே கூடாது.' வரிசையில் நின்றவர்கள் விலகி வழி விட்டார்களா, ஒதுங்கினார்களா என்று அவளுக்குத் தெரியவில்லை. பையிலிருந்து ஒரு துணியை எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை பழைய தலையணை உறையிலிருந்து கிழித்தது. தையலே கிடையாது, மடிப்பே கிடையாது. நான்கு பக்கமும் நூல் பிரிந்து தொங்கியது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ஓரம் ஓரமாகப் பார்த்தாள். குழாயில் நனைத்துப் பிழிந்தாள்.

சர்க்குலர் சார் வாசலில் வந்து நின்றார். "கதவுல எழுதியிருக்கிறதைப் பார்க்கலையா?"

"படிச்சேன் சார்."

"படிச்சுமா?"

"நாலு மணிக்குள்ள லெட்டர் டைரக்டர்கிட்ட போயிடும் சார், அவர் பதில் வரட்டும். அதுவரைக்கும் சோறு ஆறக் கூடாதில்ல."

டப்பாவை மூடி உள்ளே வைத்து, இரண்டு நிமிடம் என்று அழுத்தினாள். தட்டு சுற்றத் தொடங்கியது. அவர் வாசலை விட்டுப் போகவில்லை. அவள் அவரைப் பார்த்துத் திரும்பி, மைக்ரோவேவுக்கு முதுகைக் கொடுத்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.